மலையிறங்கும் பழைய வண்டியும் அதன் பிரேக்குகளும்



மணிமுத்தாறு என்றதும் 1958-இல் கட்டி முடிந்த அணையும், அதற்கு மேலுள்ள அருவியும் உங்கள் நினைவுக்கு வரும். எனக்கோ அருவியைக் கடந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதைதான் முதலில் தோன்றுகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசி மூட்டையும் மருந்தும் மனிதரும் சென்று வந்த வழி அது. தோட்ட வேலை 2024-இல் நின்றுபோயிற்று. பாதையின் சரிவு அப்படியே இருக்கிறது.

இத்தகைய பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே வண்டிக்குச் சோதனை. பிரேக்கின் வேலை வண்டியை நிறுத்துவது என்பார்கள். பௌதிகம் பயிலும் நீங்கள் அதைச் சற்று மாற்றிச் சொல்ல வேண்டும்: வண்டியின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுவதே அதன் வேலை. பாரத்தோடு 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 900 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் ஆற்றல், சாதாரண வெப்பத்திலுள்ள 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கல்யாண வீட்டு அண்டா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் டயரும் காற்றும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதையும் நான்கு இரும்பு டிரம்கள் விழுங்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட வண்டி, வில்லிஸ் ஜீப்பின் அமைப்பைத் தழுவிய பழைய பிக்கப். நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் 1947 முதல் அந்த ஜீப்பைப் பூட்டி விற்றார்கள். அக்கால ஜீப்பில் நான்கு சக்கரங்களிலும் 9 அங்குல டிரம்கள் உண்டு. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தப்படும். பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி அவ்வழுத்தம் குழாய்கள் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் ஒருசேரப் பரவும். டிரம்மின் உள்ளே ஷூக்கள் விரிந்து உராயும். அழகான ஏற்பாடுதான். ஆனால் அந்த மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்கடியில், தளத்தகட்டின் கீழே மறைந்திருக்கிறது. கண்ணில் படாத பொருளை யார் நாள்தோறும் பார்ப்பார்கள்?

இறக்கத்தில் இந்த அமைப்பு இரண்டு விதமாகக் கைவிடக்கூடும். முதலாவது, சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது. லைனிங்கும் வெப்பத்தால் பிடிப்பை இழக்கிறது. கால் மேலும் மேலும் கீழே போகும்; வண்டி நிற்காது. இரண்டாவது இதனினும் கொடியது. பிரேக் ஆயிலுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 எனப்படும் வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி நசுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரையைத் தொட்டுவிடும். மழை மிகுந்த மலையில் பல ஆண்டுகளாக மாற்றாத ஆயிலோடு வண்டி ஓட்டுவோரைக் கண்டால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

ஆகவே, திருத்தத்தைப் புது ஆயில், புது ரப்பர் ஹோஸ், ஒழுகாத வீல் சிலிண்டர் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே முறை. செலவு சொற்பம். அடுத்ததாக நான் சொல்லுவது டிஸ்க் பிரேக்கை அன்று. இரட்டை மாஸ்டர் சிலிண்டரை. பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழிதான். எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் ஒருங்கே போய்விடும். முன்சக்கரங்களுக்கு ஒரு வழி, பின்சக்கரங்களுக்கு மற்றொரு வழி என்று பிரித்துவிட்டால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று எஞ்சும். அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் புதுக் கார்களுக்கு இதைச் சட்டமே கட்டாயமாக்கியது. எஞ்சிய பாதி பிரேக் வண்டியை உடனே நிறுத்திவிடாது. எனினும் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலையின் பக்கம் ஒதுக்குவதற்கு அது போதும்.

ஆசை யாருக்கும் டிஸ்க் மீதுதான். வெளியே பளபளவென்று தெரியும் பாகமல்லவா! அதற்குத் தகுதியும் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் அதைக் கொண்டே வென்றபின் உலகம் அதன் அருமையை உணர்ந்தது. தட்டு திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. வெப்பத்தால் பருத்தாலும் பேடை நோக்கியே பருக்கிறது.

ஆனால் டிரம்முக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. சுழலும் டிரம் முன்ஷூவைத் தன்னோடு இழுத்து, மிதிக்கும் காலுக்கு உதவி செய்யும். டிஸ்க்குக்கு அது கிடையாது. ஆகையால் பூஸ்டர் வேண்டியிருக்கிறது. பூஸ்டரோ பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்குவது. நம் பக்கத்துப் பழைய ஜீப்புகள் பலவற்றில் டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். அதில் அவ்வெற்றிடம் கிடைக்காது, தனியே வாக்குவம் பம்பு வைக்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டி இறங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இரண்டு மூன்று மிதிகளிலேயே பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும். எஞ்சின் தரும் தடையும் கிடையாது. இப்படிப்பட்ட ஓட்டுநரிடம் டிஸ்க் பூட்டிய வண்டியைக் கொடுப்பதைவிட, 9 அங்குல டிரம்மை எடுத்துவிட்டு 11 அங்குல டிரம் போட்டுக் கொடுப்பது மேல் என்பது என் கருத்து.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாயும். வெறும் பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. அங்கே பிரேக் வலுத்தால் பின்சக்கரம் முதலில் இறுகி, வண்டி வாலைச் சுழற்றிவிடும். மூட்டைகள் ஏறியபின் கணக்கே வேறு. ஆகவே முன்சக்கரத்தில் டிஸ்க் பூட்டியவர்கள் பின்வழியில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றும் வைக்கிறார்கள். டிரம்முக்கென்று அமைந்த மாஸ்டர் சிலிண்டர் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கும். அதையே டிஸ்க்குக்கும் இணைத்தால் பேடு விடாமல் உரசிக்கொண்டிருக்கும்.

அம்பாசமுத்திரத்துப் பட்டறை ஒன்றில் இத்தகைய வேலை முடிந்த பிக்கப்பைச் சோதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் சமதளத்தில் வெறும் வண்டியாக ஓட்டிப் பிரேக் பிடித்து, எந்தச் சக்கரம் முன்னே இறுகுகிறது என்று மண்ணில் விழுந்த கோடுகளைப் பார்த்தார்கள். பிறகு மணல் மூட்டைகளை ஏற்றி அதையே மறுபடியும் செய்தார்கள். அதன் பின்னரே மலைக்குக் கொண்டுபோனார்கள். ஏறிய கியரிலேயே இறங்கினார்கள். நடுவில் இரண்டு இடங்களில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அருகே புறங்கையை நீட்டி, எது மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்.