மோஸ்டர் தீவின் கல் ஆலயம்

(ஸ்தோத்திரக் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தி)



நார்வே தேசத்தின் மேற்குக் கரையிலே மோஸ்டர் என்றொரு தீவு உண்டு. ஏறக்குறைய 1150-ல் கட்டப்பட்ட சிறிய கல் ஆலயம் அங்கே இன்றும் நிற்கிறது. அதற்கும் முன்னே, 1024-ல், ஒலாவ் ராஜாவும் பேராயர் கிரிம்கெலும் இத்தீவில் ஜனங்களைக் கூட்டிக் கிறிஸ்தவச் சட்டத்தை ஏற்படுத்தினார்கள் என்பது பாரம்பரியம். 2024-ல் அதன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

வளர்க்க மனமில்லாத சிசுவை வெளியே விட்டுச் சாகவிடும் பழைய வழக்கத்துக்கு அந்தச் சட்டம் தடை போட்டது. ஆனாலும் கடும் ஊனத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அந்தக் குறையை நிறைவாக்குவதே நம்முடைய ஆஸ்பத்திரி ஊழியம். யாரும் வேண்டாம் என்ற பிள்ளைக்கும் இங்கே ஒரு தொட்டில் உண்டு. அதைத் தாங்குகிறவை உங்கள் ஜெபமும் காணிக்கையுமே.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.