பூட்டு மாநிலத்தில், சாவி டெல்லியில்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2021 டிசம்பர் 4, சனிக்கிழமை மாலை. நாகாலாந்து மாநிலம் மோன் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்க வேலையை முடித்துவிட்டு எட்டுத் தொழிலாளர்கள் ஒரு பிக்கப் வண்டியில் ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிக் கொண்டிருந்தார்கள். வழியில் இராணுவத்தின் 21 பாரா சிறப்புப் படையினர் பதுங்கியிருந்தார்கள். தீவிரவாதிகள் வருவதாகத் தகவலாம்! சுட்டார்கள். ஆறு பேர் செத்தார்கள். ஆட்களைத் தேடி வந்த கிராம மக்கள் உடல்களைக் கண்டு கொதித்தெழுந்தபோது நடந்த மோதலில் மேலும் ஏழு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். படைவீரர் ஒருவரும் உயிரிழந்தார். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். ஆக, 14 அப்பாவி உயிர்கள்.

6ஆம் தேதி நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் அமித் ஷா வருத்தம் தெரிவித்தார். நிற்கச் சொல்லியும் நிற்காமல் வண்டி வேகமெடுத்தது, அதனால் சந்தேகப்பட்டுச் சுட்டார்கள் என்றார். உயிர் பிழைத்தவரோ, எங்களை யாரும் நிற்கச் சொல்லவே இல்லை என்றார். யார் சொல்வது உண்மை? இதைக் கண்டறியத்தானே காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன!

நாகாலாந்து அரசு சும்மா இருக்கவில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அந்தக் குழு, வண்டியில் வருபவர் யார் என்று உறுதி செய்யாமலேயே சுட்டிருக்கிறார்கள் என்று கண்டறிந்து, 2022ல் ஒரு மேஜர் உட்பட 30 படையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. செய்து என்ன பயன்? வழக்கு நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2023ல் மத்திய அரசு 'அனுமதி இல்லை' என்று கைவிரித்து விட்டது. 2024 செப்டம்பர் 17 அன்று உச்சநீதிமன்றம், அனுமதி இல்லாததால் அந்த 30 பேர் மீதான நடவடிக்கைகளை முடித்து வைத்தது. பின்னால் அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம் என்றும் சொன்னது. அதாவது, குற்றம் நடந்ததா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சாட்சியை விசாரிக்கவே இல்லை!

இது எப்படி நடக்கிறது? இளைஞர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் அதிகாரங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில். இராணுவம் மத்தியப் பட்டியலில். 1976ல் நெருக்கடி நிலைக் காலத்தில் கொண்டுவந்த 42வது திருத்தம், மாநிலங்களுக்கு உதவியாக அனுப்பப்படும் படைகளின் மீதான அதிகாரமும் மத்திய அரசுக்கே என்று தனியாக ஒரு வரியைச் சேர்த்தது. இன்ன பகுதி 'கலவரப் பகுதி' என்று அறிவிக்கும் அதிகாரம்கூட, 1958ல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தபோது ஆளுநரிடம்தான் இருந்தது. 1972 திருத்தம் அதை மத்திய அரசுக்கும் கொடுத்தது. மாநில அரசு வேண்டாம் என்றாலும் டெல்லி அறிவிக்கலாம்.

அந்தச் சட்டத்தின் 6வது பிரிவுதான் பூட்டு. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர் மீது வழக்கோ வேறு சட்ட நடவடிக்கையோ தொடங்க முடியாது. கவனியுங்கள்: கொலை நடந்தால் மாநிலப் போலீஸ் முதல் தகவல் அறிக்கை போடலாம், சாட்சி சேகரிக்கலாம், குற்றப்பத்திரிகை எழுதலாம். அந்த அதிகாரத்தை யாரும் பறிக்கவில்லை. ஆனால், நீதிமன்றத்தின் கதவு திறக்காது.

வணிகர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு பெரிய முதலாளியின் ஆள் உங்கள் கடைக்குள் புகுந்து உங்கள் மகனை அடித்துவிட்டான். போலீஸ் வந்து விசாரித்து, அடித்தது இவன்தான் என்று எழுதியும் விட்டது. நீதிபதி, 'அந்த முதலாளியிடம் போய்ச் சம்மதக் கடிதம் வாங்கி வா, பிறகு பார்ப்போம்' என்றால் எப்படி இருக்கும்? எந்த முதலாளி கொடுப்பான்?

கொடுக்கிறார்களா என்று கணக்கும் பார்த்து விடுவோம். 2018 ஜனவரியில் மாநிலங்களவையில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் கொடுத்த பதில் இது. 2001க்குப் பிறகு ஜம்மு காஷ்மீர் அரசு 50 வழக்குகளில் அனுமதி கேட்டது. 47 மறுக்கப்பட்டன. மூன்று நிலுவை. கொடுக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை!

இராணுவத் தரப்பு நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். உயிரைப் பணயம் வைத்து வேலை செய்யும் வீரனை ஒவ்வொரு பொய்ப் புகாருக்கும் கோர்ட்டுக்கு இழுத்தால் அவன் எப்படி வேலை பார்ப்பான் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லையில் பனியில் நிற்கும் சிப்பாய் மீது நமக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால், பொய்ப் புகாரை வடிகட்ட வைத்த சல்லடையில் 50ல் ஒன்றுகூட விழவில்லை என்றால், அது சல்லடையா, சுவரா?

மாநிலப் போலீஸ் பகைமையோடு எழுதுகிறது என்பார்கள். சரி, மத்திய அரசின் சொந்த சி.பி.ஐ. எழுதினால்? காஷ்மீரின் பத்ரிபல் வழக்கைப் பாருங்கள். 2000 மார்ச் 20 அன்று சித்திசிங்புராவில் 35 சீக்கியச் சகோதரர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். ஐந்தே நாளில், அதைச் செய்த அந்நியத் தீவிரவாதிகள் என்று சொல்லி ஐந்து பேரைப் பத்ரிபலில் கொன்றார்கள். கருகிய உடல்களைத் தோண்டியெடுத்துச் சோதித்தபோது, அவர்கள் உள்ளூர்வாசிகள் என்று தெரிந்தது. இதற்கிடையில் மரபணுச் சோதனைக்கு அனுப்பிய மாதிரிகளையே மாற்றிய கூத்தும் நடந்தது! 2006ல் சி.பி.ஐ. இராணுவத்தினர் ஐவர் மீது குற்றப்பத்திரிகை கொடுத்தது. ஈவிரக்கமற்ற கொலை என்று உச்சநீதிமன்றத்திலேயே வாதிட்டது. 2012 மே மாதம் உச்சநீதிமன்றம், முன் அனுமதி வாங்குங்கள், அல்லது இராணுவமே தன் கோர்ட்டில் விசாரிக்கட்டும், எது என்று இராணுவம் முடிவு செய்யட்டும் என்றது. இராணுவம் வழக்கைத் தானே எடுத்துக்கொண்டது. 2014 ஜனவரியில், போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடியது. கொன்றவர்கள் தண்டிக்கப்படாதது ஒருபுறம். சித்திசிங்புராவின் 35 குடும்பங்களுக்கும் அல்லவா அன்று பொய் சொல்லப்பட்டது!

இராணுவக் கோர்ட் தண்டித்ததே இல்லையா என்று ஒரு சகோதரர் கேட்கலாம். தண்டித்தது. 2010 மச்சில் போலி மோதல் வழக்கில் ஆயுள் தண்டனை கொடுத்தது. மாநிலப் போலீஸ் முதலில் துப்புத் துலக்கிக் கொடுத்ததால் வந்த பலன் அது. 2017ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் ஐவரின் தண்டனையை நிறுத்தி வைத்துவிட்டது.

மணிப்பூரில் இன்னொரு விதமான இழுபறி. 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமா என்ற இளம்பெண்ணை அசாம் ரைபிள்ஸ் வீட்டிலிருந்து பிடித்துச் சென்றது. மறுநாள் காலையில் உடல்தான் கிடைத்தது. மாநில அரசு விசாரணைக் கமிஷன் போட்டது. எங்களை விசாரிக்க மாநிலத்துக்கு என்ன அதிகாரம் என்று படை நீதிமன்றம் போனது. 2005ல் கவுகாத்தி உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி மாநிலத்துக்கு எதிராகவும், 2010ல் அமர்வு மாநிலத்துக்குச் சாதகமாகவும் தீர்ப்பளித்தார்கள். 2014 டிசம்பரில் குடும்பத்துக்குப் பத்து லட்சம் இழப்பீடு கொடுக்க உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதிகாரம் யாருக்கு என்ற சண்டையிலேயே பத்தாண்டுகள் போய்விட்டன.

அது வடகிழக்கு, இது காஷ்மீர், நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? 2022 அக்டோபர் 21 அன்று பாக் ஜலசந்தியில் நம் தமிழக மீனவர்கள் சென்ற படகின் மீது இந்தியக் கடற்படைக் கப்பலே சுட்டது. எச்சரித்தும் நிற்கவில்லை என்றது கடற்படை. ஒரு மீனவர் குண்டடிபட்டார். தமிழகக் கடலோரக் காவல் குழுமம் கடற்படையினர் மீது கொலை முயற்சி வழக்குப் பதிந்தது. இங்கே சிறப்பு அதிகாரச் சட்டம் இல்லை. ஆனால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197வது பிரிவும் (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 218), பணியின்போது படையினர் செய்ததற்கு வழக்கு நடத்த மத்திய அரசின் அனுமதியைக் கேட்கிறது. அந்தப் பூட்டு நாடு முழுவதற்கும் உரியது. மாநில சுயாட்சி என்று அரை நூற்றாண்டாக மேடை போட்டுப் பேசும் நம் கட்சிகள், இதைப் பற்றி ஒரு மாநாட்டிலாவது பேசியிருக்கலாம்.

நீதிமன்றங்கள் முற்றிலும் கைகட்டி நிற்கவில்லை. 1997ல் சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த அதே உச்சநீதிமன்றம், அனுமதி கொடுத்தாலும் மறுத்தாலும் மத்திய அரசு காரணம் சொல்ல வேண்டும், அதை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. 2016 ஜூலையில் மணிப்பூர் வழக்கில், படையினருக்கு முழு விலக்கு எதுவும் கிடையாது என்றது.

இந்த வழியைத்தான் நாகாலாந்து பிடித்தது. மறுப்பை எதிர்த்து மாநில அரசே உச்சநீதிமன்றம் சென்றது. 2024 ஜூலையில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் போனது. கொல்லப்பட்ட தன் மக்களுக்காக ஒரு மாநில அரசு டெல்லிக்கு எதிராக மனுதாரராக நிற்பது சாதாரண விஷயமல்ல.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 2018க்குப் பிறகு எத்தனை அனுமதிக் கோரிக்கைகள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன, மறுத்ததற்குக் காரணம் எழுத்தில் தரப்பட்டதா, ஒரு கோரிக்கை சராசரியாக எத்தனை மாதம் கிடந்தது என்ற நான்கு கேள்விகளை எழுதி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தொடரில் அவையில் கேட்கச் சொல்லுங்கள். கட்சி எதுவானாலும் பரவாயில்லை. வணிகச் சங்கங்களும் தங்கள் கடிதத்தாளிலேயே அனுப்பலாம். பதில் வந்ததும் இந்த மேடையில் வாசிப்போம்.