உழைப்பு நீங்கிய ஊரில் உடலோம்பல்



உடற்பயிற்சி நகரத்தார்க்கு உரியது. கழனியில் உழல்வோர்க்கு அது எதற்கு என்று கேட்போர் உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் இன்றும் உளர். ஏரும் ஏற்றமும் இருந்த காலத்தில் அக்கேள்வி பொருந்தியது. ஏர் போய் உழுவை வந்தது. ஏற்றம் போய் மின்பொறி வந்தது. கதிரறுத்த கைகளின் இடத்தில் அறுவடைப் பொறி நிற்கிறது. உரலும் அம்மியும் கொல்லையில் கிடக்கின்றன. இளைஞர் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஆலைப் பேருந்தில் அமர்ந்து போய், அமர்ந்தே மீள்கின்றனர். நான்கு வீடு தள்ளியிருக்கும் கடைக்கும் உந்துவண்டி வேண்டியிருக்கிறது. சோற்றின் அளவு மட்டும் ஏரோட்டிய காலத்து அளவாகவே நிற்கிறது!

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. போதிய உடலியக்கம் இல்லாதார் நகரங்களில் நூற்றுக்கு 65 பேர். ஊர்ப்புறங்களில் நூற்றுக்கு 50 பேர். அவ்வாய்வு வரிசையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய ஒன்றியத்தில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கு மேல் என்றது.

பழைய உழைப்பே மீள வேண்டும் என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. அவ்வுழைப்பு கூலியாளரின் முதுகெலும்பை முறித்தது. வரப்பில் குடைபிடித்து நின்றவரை அது தொடவில்லை. இன்று வேண்டுவது அளவான, நாள் தவறாத இயக்கம்.

இலண்டன் இரட்டையடுக்குப் பேருந்துகளில் பணிசெய்தோரை மருத்துவர் செரெமி மோரிசு ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்க்கு நெஞ்சக நோய் குறைவாக இருந்தது. 1953-இல் அது வெளியாயிற்று. இருவரும் ஒரே வண்டியில் சென்றவர். ஒருவர்க்கு மட்டும் காலுக்கு வேலை இருந்தது.

காரணம் அரிதன்று. இயங்கும் தசை குருதியிலுள்ள சருக்கரையைத் தானே இழுத்து எரிக்கும். அதற்குக் கணையநீரின் துணையையும் முழுதும் எதிர்பாராது. உண்டபின் பத்து மணித்துளி நடப்பவர்க்குச் சருக்கரை அவ்வளவாக ஏறாமைக்கு அதுவே காரணம். கிழமைக்கு 150 மணித்துளி விரைநடை போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு. பேச இயல வேண்டும், பாட இயலாதிருக்க வேண்டும், அதுவே விரைநடை. மேலும், கையூன்றாது நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தமர்வது தொடைக்கு வலுவூட்டும். முதியோர் விழாமல் காக்கும். இதற்குக் காசு செலவில்லை. பயிற்சிக்கூடத்துப் பளபளப்பும் வேண்டா.

நடக்க இடமா இல்லை? பல்லவர் காலத்தில் வயிரமேகன் பெயரால் அமைந்த ஏரி உத்திரமேரூரில் இருக்கிறது. ஏரி வாரியம் பற்றி, முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் பேசுகின்றன. வாரியத்துக்கு உரிய அகவை முன்னதில் 30 முதல் 60 வரை. பின்னதில் 35 முதல் 70 வரை. எழுபதை நெருங்கியவரும் ஊர்ப்பணிக்கு ஆவர் என்று எண்ணினர் போலும். (குடவோலையில் பெயர் பெற்றவர் நிலமும் மனையும் உடையோரே, கரைக்கு மண் சுமந்தவர்க்கு அதில் இடமில்லை. அதையும் மறத்தலாகாது.) இன்றோ ஐம்பதிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்வோரைக் காண்கிறோம்.

பெண்டிர் நிலை வேறு. விடியுமுன் அடுப்படி, பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாத தெரு. தனியே நடக்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் கண்களும் உள. ஐவர் அறுவராகச் சேர்ந்து நடப்பது நன்று. ஆடவர் அந்த அரைமணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும்! ஊராட்சி, தெருவுக்கு விளக்குப் போடட்டும்!

நெடுநாள் அமர்ந்திருந்தவர் பத்து மணித்துளியில் தொடங்கி, கிழமைதோறும் சிறிது கூட்டுக. கணையநீர் ஊசி இட்டுக்கொள்வோர் வெறும் வயிற்றில் நடவாது, மடியில் சிறிது வெல்லம் வைத்துக்கொள்க. நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ, வலி தோளுக்கும் தாடைக்கும் பரவினாலோ, அங்கேயே அமர்ந்து, காலந்தாழ்த்தாது 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.