கைமுதலும் இலக்கும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே ஒரு கணக்கு நோட்டைப் பற்றியே பேசுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர், 2024ஆம் ஆண்டில் அதை என்னிடம் கொண்டுவந்தார். இணையவழிப் போக்கர் சீட்டாட்டத்துக்காக எழுதப்பட்ட நோட்டு அது. கைமுதல் 10,000 ரூபாய். ஒரு மேசைக்கு 500 ரூபாய். மாத இலக்கு 5,000 ரூபாய் இலாபம். முதற்பக்கங்களின் ஒழுங்கைக் கண்டு நான் வியந்தேன்.

கைமுதலில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மேசையில் வைக்கலாகாது என்பது அவ்வாட்டக்காரரிடையே வழங்கும் விதி. அவர் அதைக் கற்றுத்தான் தொடங்கினார். எனினும் அவ்விதி, பணம் கரையும் வேகத்தைத்தான் குறைக்கும், இலாபத்தை உண்டாக்காது. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கொண்டுவந்தால் மேசையில் 6,000 ரூபாய். நடத்துபவர் தம் தரகை எடுத்தபின் ஆறு பேருக்கும் மிஞ்சுவது அதனினும் குறைவே. 2023 அக்டோபர் முதல், செலுத்திய தொகைக்கு 28 விழுக்காடு வரியும் சேர்ந்தது. வென்றவரின் நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது. தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் வெல்லலாம். அவர்கள் வெல்வது பிறர் இழந்ததையே.

அந்த நோட்டைக் கெடுத்தது எது தெரியுமா? அவருடைய இலக்குதான்! ஓர் இரவில் 3,500 ரூபாய் போயிற்று. மாத முடிவுக்குள் இலக்கை எட்ட வேண்டுமென மேசைக்கு 2,000 ரூபாய் வைத்தார். பின்னர் கைபேசிச் செயலியில் கடன். அதன்பின் தங்கையின் திருமணத்துக்குச் சேர்த்த பணம். அதற்குப் பின் நோட்டில் எழுத்தே இல்லை.

திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஒருசேர விலக்குவதை நாம் அறிவோம். நாட்டுச் சட்டமும் இன்று அவ்வழியே வந்துள்ளது. 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடின்றி இணையவழிப் பண ஆட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. ஆகவே, சிக்கியவர் அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! கைமுதலைக் காக்கும் அவ்விதி நல்ல விதிதான். அதை உங்கள் சம்பளத்துக்குப் பயன்படுத்துங்கள். வீட்டுச் செலவு, கடன் தவணை, சேமிப்பு எனச் சம்பள நாளிலேயே பிரித்துவிடுங்கள். “இவ்வளவு வெல்வேன்” என்பது நம் கையில் இல்லாத இலக்கு. “இவ்வளவு சேமிப்பேன், இத்தனை தவணை அடைப்பேன்” என்பது நம் கையில் உள்ள இலக்கு. கணக்கைத் தாயோ மனைவியோ பார்க்கட்டும். மனம் தடுமாறினால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

பெரியோர்களே! அவ்விளைஞர் ஓராண்டுக் காலம் வாய் திறவாததற்குக் காரணம் நம் ஏச்சுக்கு அஞ்சியதே. இழந்தவன் வந்து சொன்னால், முதலில் அவனை அமரச் செய்து கணக்கைக் கேளுங்கள். அறிவுரை பிறகு ஆகட்டும். இன்று அவர் மாதந்தோறும் கடனை அடைத்து வருகிறார். அந்த நோட்டின் மறுபுறத்தில் புதிய கணக்கு எழுதப்படுகிறது, அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாம்.