மின்விளையாட்டு அரங்கில் கொரியரின் தலைமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியமும் இசையும் பேசப்பட்டு வந்துள்ளன. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் வேறானது. நம் காலனி வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேலும் கதவிடுக்கின் வழியே கசியும் நீல ஒளி எதனால் என்பதைப் பெற்றோர் நன்கறிவர். அவ்வொளிக்குப் பின்னால் உலகப் போட்டி ஒன்று உண்டு என்பதையும், அப்போட்டியில் தமிழ்நாட்டைவிடப் பரப்பிற் சிறிய நாடொன்று முடிசூடி நிற்கின்றது என்பதையும் அறிந்தோர் சிலரே. அந்நாடு தென்கொரியா.

மின்விளையாட்டு பலவகைப்படும். அவற்றுள் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்னும் ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்வோம். இதனை 2009-இல் வெளியிட்டது ரயட் கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். ஓர் அணிக்கு ஐவர், ஆடுகளத்தின் எதிரெதிர் மூலைகளில் இரு பாசறைகள், அவற்றை இணைக்கும் மூன்று சாலைகள், சாலைகளுக்கிடையே காடு. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட வீரர்களுள் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்துகொண்டு, எதிரியின் பாசறையை முதலில் தகர்ப்பவர் வென்றவர். கையின் விரைவு மட்டும் போதாது. ஐவரும் ஒரே நொடியில் ஒரே எண்ணம் எண்ணவேண்டும். கபடி ஆடியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இவ்விளையாட்டின் உலகப் போட்டி 2011-இல் சுவீடனில் தொடங்கியது. அவ்வாண்டு ஓர் ஐரோப்பிய அணியும், 2012-இல் தைவான் அணியும் வென்றன. 2013 முதல் 2017 வரை ஐந்தாண்டுகளும் கொரியாவுக்கே. பின்னர் 2020, 2022, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் அவர்களே. ஆகப் பதினைந்து போட்டிகளில் பத்து வெற்றி. எஞ்சிய ஐந்தில் மூன்று சீனத்துக்கு. 2015, 2016, 2017, 2022, 2025 ஆகிய ஆண்டுகளின் இறுதிப் போட்டிகளில் மோதிய இரண்டு அணிகளுமே கொரிய அணிகள். விளையாட்டைப் படைத்த அமெரிக்காவின் அணியோ 2025 வரை ஒருமுறையேனும் இறுதிப் போட்டியை எட்டியதில்லை. 2014-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி சியோல் நகரின் உலகக் கோப்பைக் கால்பந்து அரங்கில் நிகழ்ந்தது. அவ்வரங்கம் அமைந்துள்ள பகுதியின் பெயர் ‘சங்கம்’ என்பது! அச்சொல்லுக்கும் நம் சங்கத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லையெனினும், கேட்டவுடன் நமக்கு ஒரு மகிழ்ச்சி தோன்றவே செய்தது.

இத்தலைமை எங்ஙனம் வந்தது? ‘கொரியர் இயல்பிலேயே விரல் விரைவு உடையவர்’ என்று சொல்வாருளர். அஃது உண்மையாயின், எல்லா மின்விளையாட்டுகளிலும் அவர்களே முன்னிற்றல் வேண்டும். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ என்னும் துப்பாக்கி விளையாட்டில் ஐரோப்பியரே மேலோங்கி நிற்கின்றனர். ‘டோட்டா’ விளையாட்டிலும் ஐரோப்பியர், சீனர், உருசியர் ஆகியோரின் பெயர்களே மிகுதியாகக் கேட்கின்றன. ஆதலின் காரணம் குருதியில் இல்லை, வரலாற்றில் இருக்கின்றது.

1997-இன் இறுதியில் கொரியா பெரும் பொருள் நெருக்கடியில் வீழ்ந்து, பன்னாட்டு நிதியத்தின் கடனை நாடிற்று. ஆயிரமாயிரம் பேர் வேலை இழந்தனர். அரசினரோ அந்நெருக்கடியிலும் அதிவேக இணையக் கம்பிகளை நாடெங்கும் இழுப்பதை நிறுத்தவில்லை. வேலையிழந்தோர் பலர் கையிலிருந்த சிறு பணத்தைக் கொண்டு ‘பிசி பாங்’ என்னும் கணினிக் கடைகளைத் திறந்தனர். ‘பாங்’ என்றால் கொரிய மொழியில் அறை என்று பொருள். மணிக்கணக்கில் சிறு கட்டணம் செலுத்தி, வரிசையாக வைத்த கணினிகளின் முன் அமர்ந்து ஆடலாம். 1998-இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் அமெரிக்கப் போர் விளையாட்டு வெளிவந்தது, கடைகள் நிறைந்தன. சில ஆண்டுகளுக்குள் அவற்றின் எண்ணிக்கை 20,000-ஐக் கடந்தது. சப்பானியப் பண்பாட்டுப் பொருள்கட்குக் கொரியாவில் நெடுநாள் தடை இருந்து, 1998 முதலே படிப்படியாக நீங்கிற்று. ஆதலின் சப்பானில் பெயர்பெற்ற தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகள் அங்கு வேரூன்றவில்லை. கணினியே விளையாட்டுக் கருவியாயிற்று.

இங்கு நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. தனியறையில் தனியே ஆடும் சிறுவன் தன் தவற்றை அறியான். கணினிக் கடையிலோ பின்னால் பத்துப் பேர் நின்று பார்க்கின்றனர். தோற்றவன் அடுத்த நாற்காலிக்காரனிடம் அங்கேயே கற்றுக்கொள்கின்றான். தெருமுனையில் கேரம் பலகையைச் சுற்றி நின்று வளர்ந்தவர்கட்கு இது விளங்கும்.

2000-இல் மின்விளையாட்டுக்கென ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே விளையாட்டை மட்டும் ஒளிபரப்பும் தொலைக்காட்சி அலைவரிசையும் தோன்றிற்று. 2004-இல் பூசான் நகரக் கடற்கரையில் நிகழ்ந்த இறுதிப் போட்டிக்கு ஒரு இலட்சம் மக்கள் திரண்டதாகச் செய்தி வெளியாயிற்று. எஸ்.கே. டெலிகாம், கே.டி. ஆகிய தொலைபேசி நிறுவனங்களும், சாம்சங் நிறுவனமும் அணிகளை நடத்தின. கட்டாயப் படைப்பணிக்குச் சென்ற வீரர்கள் ஆட்டத்தை மறவாதிருக்கக் கொரிய விமானப்படையே 2007 முதல் 2012 வரை ஓர் அணி வைத்திருந்தது என்றால், வேறென்ன சொல்வது!

ரயில்வேயில் பணிபுரியும் நம்போன்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. இந்திய ரயில்வேயின் மகளிர் கிரிக்கெட் அணி உள்நாட்டுப் போட்டிகளில் பல்லாண்டுகள் தனித்தலைமை பெற்று விளங்கியதை நாம் அறிவோம். ஜோத்பூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த மிதாலி ராஜ் ரயில்வே ஊழியராக இருந்தே ஆடினார். மாதச் சம்பளம் தவறாது வருமென்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் காலை முதல் மாலை வரை பயிற்சி செய்ய இயலும். கொரிய நிறுவனங்கள் அளித்ததும் அவ்வுறுதியே. அணியினர் அனைவரும் ஒரே விடுதியில் தங்குவர். பயிற்சியாளர் உண்டு, எதிரணியின் பழைய ஆட்டங்களை ஆராய்ந்து குறிப்பெழுதவும் ஆளுண்டு.

இன்னொரு காரணம் நிலத்தின் அமைப்பு. கொரிய மக்களுள் பாதிப்பேர் சியோலிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலுமே வாழ்கின்றனர். விரலழுத்தம் கம்பி வழியே நடுவண் கணினிக்குச் சென்று மீளும் நேரம் அங்கு மிகக் குறைவு. நாட்டின் ஆட்டக்காரர் அனைவரும் ஒரே தரவரிசைப் பட்டியலில் ஆடுவதால், திறமை மிக்க பள்ளி மாணவன் ஒருவன் உலக வீரரையே ஓர் இரவில் எதிர்த்து ஆடிவிட முடியும். அமெரிக்காவின் நிலை வேறு. நடுவண் கணினி மேற்குக் கரையில் இருந்தபோது கிழக்கிலுள்ளோர் தாமதத்தால் துன்புற்றனர். 2015-இல் அதனைச் சிகாகோவுக்கு மாற்றினர். இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் தங்கியிருந்த தொழில்முறை அணிகட்கே தாமதம் மிகுந்தது. வண்டி எந்த நிலையத்தில் நின்றாலும் எவருக்கேனும் நடை மிகுவது போலாம்.

தலைமை ஒருபோதும் ஆட்டங்காணாதது அன்று. 2018-இல் கொரிய மண்ணிலேயே, இஞ்சோன் நகரில் இறுதிப் போட்டி நடந்தது. மூன்று கொரிய அணிகளுள் ஒன்றும் அரையிறுதியை எட்டவில்லை. கோப்பை சீன அணிக்குச் சென்றது. ஆயினும் 2018, 2019, 2021 ஆகிய மூவாண்டுகளிலும் வென்ற சீன அணி ஒவ்வொன்றிலும் கொரிய வீரர் இருவர் ஆடினர். 2014-க்குப் பின் பெருஞ்சம்பளத்துக்காக வீரர் பலர் சீனத்துக்குச் சென்றதன் விளைவு இது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இச்செய்தி சற்று இனிமையாகவும் சற்று உறுத்தலாகவும் இருக்கின்றது.

இவ்வரலாற்றின் நடுநாயகம் ‘ஃபேக்கர்’ என்னும் லீ சாங்-ஹியோக். 1996-இல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியை இடையில் விட்டு அணியிற் சேர்ந்து, 2013-இல் தம் பதினேழாம் வயதில் உலகக் கோப்பையை வென்றார். 2015, 2016-இலும் வென்றார். 2017-இல் பெய்ஜிங் அரங்கில் ஓர் ஆட்டமும் வெல்லாது தோற்று, மேடையிலேயே முகம் புதைத்து அழுததை உலகம் கண்டது. அதன்பின் ஆறாண்டுகள் கோப்பை இல்லை. இருபத்தைந்து வயதில் ஓய்வு பெறுவது இயல்பான இத்துறையில், 2023, 2024, 2025 என அடுத்தடுத்து மும்முறை வென்றார்.

நம் பிள்ளைகள் இவர் பள்ளியை விட்ட செய்தியை மட்டும் சொல்லிக் காட்டுவர். அதனை எதிர்பார்த்தே இதனையும் சொல்கின்றோம். அவ்வாறு பள்ளியை விட்டுப் பெயர் தெரியாமற் போனவர்கட்குக் கணக்கில்லை. 2010-இல் சூதாடிகளிடம் பணம் பெற்று வேண்டுமென்றே தோற்ற வீரர் பலர் ஆயுள் தடை பெற்றதும் அந்நாட்டிலேதான். பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணையத்தில் ஆடலாகாதென 2011-இல் அங்குச் சட்டம் வந்தது. 2022-இன் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. பத்தாண்டு நடைமுறைப்படுத்திய பின்னர், இதனைக் குடும்பமே முடிவு செய்யட்டும் என்று அரசினர் விட்டனர். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் வென்ற கொரிய வீரர்கட்குக் கட்டாயப் படைப்பணியிலிருந்து விலக்குக் கிடைத்தது.

இந்தியாவிலும் 2022 இறுதியில் மின்விளையாட்டு விளையாட்டுத் துறையின் கீழ்க் கொணரப்பட்டது. 2025-இல் இயற்றிய சட்டம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டை அவற்றினின்றும் வேறுபடுத்திற்று. நம் காலனித் தாய்மார்கள் ரம்மியையும் இதனையும் ஒன்றாக எண்ணி அஞ்சுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல என்பது இப்போது சட்டத்தின் சொல்லும் ஆகும்.

அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் ஐவர் கொண்ட அணிகளின் கணினிப் போட்டி ஒன்று வேண்டுமென நம் இளைஞர்கள் சங்கத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துள்ளனர். செயற்குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்து, விண்ணப்பம் பொதுக்குழுவின் முன் வருகின்றது. நம் கருத்து, அளிக்கலாம் என்பதே. ஆனால் போட்டியும் பயிற்சியும் சங்கக் கூடத்தில் மட்டுமே நடைபெறவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும், இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வேண்டும். பார்வையாளர்க்கு நாற்காலிகள் பின்வரிசையில் இடப்படும். மறுக்க எண்ணுவோர் வாக்களிக்குமுன் ஒரு மாலை அந்நாற்காலியில் அமர்ந்து பார்த்தருளும்படி கேட்டுக்கொள்கின்றோம்.