அணையா அடுப்பும் அடைத்த கதவும்

இன்று பட்டம் பெறும் அருமை மாணவ மாணவியரே!

கல்வி முடிந்து உலகத்தின் வாயிலில் வந்து நிற்கும் இந்தப் பருவத்தில், உள்ளத்துக்குள் இரண்டு ஆசைகள் வழக்காடுவதுண்டு. ஊரின் பொய்யும் பூசலும் நமக்கு எதற்கு, ஒதுங்கியிருந்து நம் ஆத்மாவை நாம் காத்துக்கொள்வோம் என்பது ஒன்று. ஊருக்குள் இறங்கி அதைச் சற்றேனும் திருத்துவோம் என்பது மற்றொன்று. முன்னதைச் சுயநலம் என்று தள்ளுவதும், பின்னதை வீண் பிரயாசை என்று நகைப்பதும் எளிது. ஆயினும், இரண்டையும் ஒரே வாழ்வில் நடத்திக் காட்டிய ஒருவரை இத்தருணத்தில் நினைப்பதே நமக்குப் பயன் தருவதாகும்.

1823ஆம் ஆண்டு மருதூரில் பிறந்த இராமலிங்க வள்ளலார் ஏகாந்தத்தின் சுவையை நன்கறிந்தவர். சென்னைப் பட்டணத்தை விட்டுக் கருங்குழிக்குச் சென்று தங்கி, தியானத்திலும் பாடலிலும் தோய்ந்திருந்த அவருக்கு, பசித்தவன் முகம் பொறுக்க முடியாததாயிற்று. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அவர் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதியும் சமயமும் கேளாமல் வந்தவர்க்கெல்லாம் சோறிடச் செய்தார். அங்கே மூட்டிய அடுப்பை மக்கள் இன்றும் ‘அணையா அடுப்பு’ என்றே அழைக்கின்றனர். அதன்பின் ஏழாண்டு நிறைவதற்குள், 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். பிறகு அவரைக் கண்டவர் இல்லை.

அக்கதவு அடைபட்டபின் நேர்ந்ததையே நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்பது என் விருப்பம். மூட்டியவர் மறைந்தும் அடுப்பு எரிந்தது. இரக்கம் என்பது கண்ணீரோடு முடிகிற உணர்ச்சியாக நின்றிருந்தால், அது அவரோடு அந்த அறைக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஊரார் தந்த நிலமும் நெல்லும், விறகு பிளப்பவர் கையும், உலை வைப்பவர் கையுமாக அது ஓர் ஏற்பாடாக உருக்கொண்டமையால், அவர் இல்லாத காலத்திலும் இலை விழுந்தது, சோறு பரிமாறப்பட்டது. ஆகவே, துறவா தொண்டா என்று எவரையும் நான் கேட்க மாட்டேன். நீங்கள் விலகிச் சென்றபின் உங்கள் பின்னால் எரிவது எது என்றே கேட்பேன்.

இக்காலத்துக் கற்றவர்க்கு வேறொரு துறவு வாய்த்திருக்கிறது. காவியும் கமண்டலமும் அதற்கு வேண்டியதில்லை. சொந்த ஆழ்துளைக் கிணறு வந்தவுடன் தெருக்குழாயைப் பற்றிய கவலை நீங்குகிறது. பிள்ளை தனியார் பள்ளியில் சேர்ந்தவுடன் ஊர்ப்பள்ளியின் ஒழுகும் கூரை கண்ணில் படுவதில்லை. மதிற்சுவர் உயர்ந்தவுடன் அண்டை வீட்டின் அழுகுரலும் கேட்பதில்லை. வள்ளலார் உடைமையைத் துறந்து கவலையை வைத்துக்கொண்டார். நாமோ கவலையைத் துறந்து உடைமையை வைத்துக்கொள்கிறோம்.

இதனால் தனிமை தீது என்று கொள்ளற்க. ஒருபோதும் தன்னோடு தனித்திருந்து தன் நெஞ்சைச் சோதியாதவன் பொதுப்பணிக்கு வந்தால், நாளடைவில் மாலைக்கும் மேடைக்குமே பணி செய்வான். நாள்தோறும் சிறிது நேரம் கதவை அடைத்திருங்கள். அந்தத் தனிமை, கதவைத் திறந்து வெளிவரும்போது உங்கள் கையைச் சுத்தமாக்கியிருக்கட்டும்.

பெரிய காரியம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டா. பட்டத்தோடு நீங்கள் ஊர் திரும்பிய மறுநாளே, எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டக்கூடும். அதை எழுதிக்கொடுங்கள், கூடவே, அடுத்த முறை நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அவளுக்கு அதை எழுதித் தரும்படி, தெருவில் படிக்கும் பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள். உங்கள் அடுப்புக்கு அதுவே முதல் விறகு.