விடிந்தால் வெள்ளிக்கிழமை

(நமது நாசிக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



பிரயாண அனுபவம் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். கைலாஸ யாத்திரை, ஐரோப்பா டூர் என்று பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி. ராத்திரி ஒன்றரை மணி என்பது முதல் நாளைச் சேர்ந்ததா, அடுத்த நாளைச் சேர்ந்ததா?

நம் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார்கள். "வியாழக்கிழமை ராத்திரி, விடிஞ்சா வெள்ளிக்கிழமை." பஞ்சாங்கப்படி நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை பிறந்தால் ஜாதகத்தில் முதல் நாள் கிழமையைத்தான் எழுதுவார்கள். சிவராத்திரிக்கு நாலு கால பூஜை நடக்கிறது. பன்னிரண்டு மணி அடித்துவிட்டதே என்று மூன்றாம் கால பூஜையை யாரும் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரயில்வேக்கு இந்தக் கணக்கு உதவாது. நான் 33 வருஷம் புசாவல் டிவிஷனில் கணக்குப் பிரிவில் இருந்தவன். அங்கே நள்ளிரவு 00:00-க்குத் தேதி மாறிவிடும். 26-ம் தேதி 00:20 வண்டி என்றால் 25-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். 26-ம் தேதி ராத்திரி மூட்டை முடிச்சுகளோடு வந்து நின்று, "வண்டி நேற்றே போய்விட்டது" என்று கேட்டு அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பம்பாயில் 25-ம் தேதி ராத்திரி கிளம்பும் வண்டி புசாவலுக்கு வரும்போது 26 ஆகியிருக்கும். புசாவலில் ஏறுகிறவரின் டிக்கெட்டில் 26 என்றுதான் இருக்கும். ஆனால் வண்டி எங்கே வருகிறது என்று தேடும்போது, வண்டி கிளம்பிய தேதியான 25-ஐப் போட வேண்டும். இது தெரியாமல் மறுநாள் வண்டியைப் பார்த்துக்கொண்டு இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆக, பஞ்சாங்க நாள் ஒன்று, ரயில்வே நாள் ஒன்று. மூன்றாவதாக ஹோட்டல் நாள் என்று ஒன்று இருக்கிறது. அது மத்தியானம் 12 மணிக்கோ 2 மணிக்கோ பிறந்து, மறுநாள் முற்பகலில் முடிகிறது. 25-ம் தேதி ரூம் என்றால் 25 மத்தியானத்திலிருந்து 26 முற்பகல் வரை. அப்படியானால் 26-ம் தேதி அதிகாலை ஒன்றரை மணிக்குப் படுக்கை வேண்டுமென்றால் எந்தத் தேதிக்குப் பதிவு செய்ய வேண்டும்? 25-க்கு. ஹோட்டல்காரன் நம் பாட்டி கட்சி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2023 மே மாதம் கல்கத்தாவில் என் ஷட்டகருக்கு சதாபிஷேகம். 26-ம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் வைத்திருந்தார்கள். என் மனைவியின் அக்காவும் ஷட்டகரும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிறார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனவை. அதனால் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் தங்குவதாக ஏற்பாடு. எங்கள் பேட்டையிலுள்ள ஒரு டிராவல் ஏஜெண்டிடம் எழுதிக் கொடுத்தேன். "25 இரவு முதல் 28 காலை வரை, மூன்று ராத்திரி, பின்னிரவு 2 மணிக்கு வருவோம்." பணமும் மூன்று ராத்திரிக்குக் கட்டினேன். அவர் கொடுத்த தாளிலும் 25 என்றே இருந்தது.

வியாழக்கிழமை காலை நாலரைக்கு எழுந்து, ஏழு மணி வாக்கில் நாசிக் ரோடில் பஞ்சவடி எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். தாதரில் இறங்கி, மாதுங்காவில் உறவினர் ஆத்தில் சாப்பாடு. சாயங்காலம் விமானம், தில்லியில் இறங்கி மாறி, கல்கத்தா. தில்லியில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்ததைப் பற்றித் தனியாக ஒரு உரையே ஆற்றலாம். சக்கர நாற்காலி கேட்டால் கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கேட்டால் கிடைக்கும்.

ஹோட்டல் வாசலில் டாக்ஸி நின்றபோது மணி ரெண்டேகால். வரவேற்பு மேஜையில் இருந்த பையன் கணினியைப் பார்த்தான். "சார், உங்கள் பதிவு 26-ம் தேதிக்கு. மத்தியானம் 12 மணிக்கு மேல் ரூம் தருவோம். இந்த ராத்திரி எல்லா ரூமும் நிரம்பியிருக்கிறது" என்றான். கல்யாண சீசன். அவன் சொன்னது பொய்யில்லை.

நடந்தது என்னவென்றால், அன்று மத்தியானம் ஏஜெண்ட் கடையில் யாரோ எங்கள் விமான டிக்கெட்டைப் பார்த்திருக்கிறார்கள். இறங்குவது 26-ம் தேதி 00:55. ஹோட்டல் பதிவோ 25. தப்பு என்று நினைத்து 26 என்று மாற்றி, புதுத் தாளை ஈமெயிலில் அனுப்பிவிட்டார்கள். அது வந்தபோது நாங்கள் ஆகாயத்தில் இருந்தோம். பிறகு ஏஜெண்டிடம் பேசியபோது அவர் சொன்ன வார்த்தையை நான் மறக்கமாட்டேன். "உங்களுக்கு ஒரு நாள் வாடகை மிச்சம் பண்ணிக் கொடுத்தேன் சார்!"

ராத்திரி ரெண்டேகால் மணிக்கு, எழுபதைத் தாண்டிய இருவர், இருபத்திரண்டு மணி நேரமாக விழித்திருப்பவர்கள், நாலு பெட்டியோடு நிற்கிறோம். என் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவள். உபயோகத்தில் இருக்கும் பென் வெளியே இருக்கலாம், பிரிக்காத பென்னை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். குளிர்ப் பையில் வைத்த ஐஸ் ஜெல் தில்லியிலேயே தண்ணீராகிவிட்டது. மே மாதத்துக் கல்கத்தா எப்படி இருக்கும் என்று இருந்தவர்களுக்குத் தெரியும். அக்காவுக்குப் போன் செய்யலாமா என்றேன். "வேண்டாம்னா. அத்திம்பேர் கார்த்தால நாலு மணிக்கு எழுந்துக்கணும். இப்போ எழுப்பினா எல்லாருக்கும் தூக்கம் போயிடும்" என்றாள்.

சியாட்டிலில் இருக்கும் பிள்ளை, நாங்கள் ஹோட்டல் போய்ச் சேர்ந்தோமா என்று கேட்க அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டான். அவனுக்கு இன்னும் வியாழக்கிழமை மத்தியானம்தான். "ரெண்டு நிமிஷம் இருங்கோப்பா, வேற ஹோட்டல் போடறேன்" என்றான். போட முடியவில்லை. அந்த இணையதளத்தில் 25-ம் தேதியைத் தொடவே முடியவில்லை. அதற்கும் தேதி மாறிவிட்டது. கல்கத்தாவில் எத்தனை ரூம் காலியாக இருந்தாலும், அந்த நேரத்தில் அந்த ராத்திரிக்கான ரூமை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

நான் தாளை நீட்டி நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் மேஜைக்குப் போய் அந்தப் பையனிடம் வங்காளியில் பேச ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஆத்தில் ஒரு வருஷம் இருந்தபோது காய்கறிக்காரனிடம் கற்றுக்கொண்ட வங்காளி. அவள் ரூம் கேட்கவேயில்லை. இந்த மருந்தை உங்கள் சமையலறை ஃபிரிட்ஜில் வைக்க முடியுமா, கால் நீட்டி உட்கார ஓர் இடம் இருக்கிறதா, அவ்வளவுதான் கேட்டாள். பையன் எழுந்து நின்றுவிட்டான். "மாஷிமா" என்று கூப்பிட்டு, மருந்துப் பையைத் தானே வாங்கிக்கொண்டு போனான். மாடியில் விருந்து ஹாலை ஒட்டிய சின்ன அறையைத் திறந்துவிட்டான். நீள சோபா ஒன்று, மின்விசிறி, பக்கத்தில் பாத்ரூம். நாலு மணிக்கு ஒருவர் விமானத்துக்குக் கிளம்புகிறார், அந்த ரூமைச் சுத்தம் செய்து உங்களுக்குத் தருகிறேன் என்றான்.

அந்தப் பையனிடம்தான் ஹோட்டல் கணக்கு முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூக்கம் வரவில்லை, வேறென்ன செய்வது? ராத்திரி ரெண்டு, மூன்று மணி சுமாருக்கு அவர்கள் 'நைட் ஆடிட்' என்று அன்றைய கணக்கை முடிப்பார்கள். அது முடியும் வரை அவர்கள் கணினியில் முதல் நாள் தேதிதான். கணக்குப் பிரிவில் இருந்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. நாங்களும் மார்ச் 31-ம் தேதிக் கணக்கை ஏப்ரலில்தானே முடித்தோம்! ஆனால் சரியான தேதி போட்டவர்களுக்கும் ஆபத்து உண்டு என்று சொன்னான். 25-க்குப் பதிவு செய்துவிட்டு, இரவு தாமதமாக வருவோம் என்று சொல்லாமல் விட்டால், கணக்கு முடிக்கும்போது 'நோ ஷோ', அதாவது ஆள் வரவில்லை என்று எழுதி ரூமை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். சில இடங்களில் மீதி நாட்களின் பதிவும் சேர்ந்து போய்விடுமாம்.

ஐந்து மணிக்கு ரூம் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் நன்றாக வெளுத்துவிட்டது! மே கடைசியில் கல்கத்தாவில் ஐந்து மணிக்குள் உதயமாகிவிடும், பம்பாயில் ஆறு ஆகும். கடிகாரம் நாடு முழுவதும் ஒன்றுதான், சூரியன் அதைக் கேட்பதில்லை. 1906-ல் இந்திய நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரை தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால், 19-ம் நூற்றாண்டில், நம் ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடியிருக்கின்றன. நம் ஊருக்கும் ஒரு காலத்தில் பெருமை இருந்தது என்று சொல்லி வைக்கிறேன்.

குளித்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் மண்டபத்தில் இருந்தோம். கலசாபிஷேகம் கண்ணாரப் பார்த்தோம். ஷட்டகர் எங்களைப் பார்த்ததும் குழந்தை மாதிரி சிரித்தார். சாப்பாட்டுப் பந்தியில் எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ மாதிரி ஹோட்டல் வாசல்ல நின்னேளா? நான் இந்த ஊர்ல எதுக்கு இருக்கேன்?" என்று என் மனைவியோடு அன்று சாயங்காலம் வரை பேசவில்லை. ஏஜெண்டின் தப்புக்கு அக்காவும் தங்கையும் அழுதார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் நான் எழுதிக் கொடுத்த தாளின் நகலை வைத்து ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரு ராத்திரி வாடகை திரும்பி வந்தது. அதிகாலையில் ரூம் கொடுத்ததற்காக ஹோட்டலில் அரை நாள் வாடகை வாங்கினார்கள். அதை நான் நியாயம் என்றே நினைக்கிறேன். ஏஜெண்ட் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

என்னைப் பாதித்தது வேறு விஷயம். பிள்ளை அன்று போனில் சொன்னான். "போதும்பா. இனிமே ரெண்டு பேரும் தனியா இப்படி அலையாதீங்கோ. விசேஷமெல்லாம் வீடியோவில பார்த்தா போறாதா?" அவன் கவலையில் சொன்னான், குறை சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இதே வசனம் கேட்ட காதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ராத்திரி நாங்கள் கிழவர்கள் என்பதால் ரூம் போகவில்லை. முப்பது வயசுக்காரன் வந்திருந்தாலும் அதே சோபாதான். கால் வலித்திருக்காது, அவ்வளவே. ஒரு தேதியைத் தப்பாக மாற்றியதற்கு நாங்கள் ஆத்தோடு அடைந்து கிடக்க வேண்டுமா? என் மனைவி அவனுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டாள். "வீடியோவில அத்திம்பேர் என்னைப் பார்த்து சிரிச்சிருப்பாரோடா?"

அதற்குப் பிறகு நாங்கள் நாலு முறை போய்வந்தாகிவிட்டது. நான் இப்போதெல்லாம் தேதியை மட்டும் எழுதுவதில்லை. "வியாழக்கிழமை ராத்திரி, விடிந்தால் வெள்ளி, பின்னிரவு 2 மணிக்கு வருவோம்" என்று நீட்டி எழுதுகிறேன். கிளம்பும் அன்று காலை ஏஜெண்டைக் கேட்காமல் ஹோட்டலுக்கே போன் செய்து, "இன்று ராத்திரி எனக்கு ரூம் இருக்கிறதா?" என்று கேட்கிறேன். தேதியே சொல்வதில்லை, 'இன்று ராத்திரி' என்றுதான் கேட்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பம்பாயிலிருந்து போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 10-ம் தேதி 01:30 என்றிருந்தால் ஏர்போர்ட்டுக்கு 9-ம் தேதி ராத்திரியே போக வேண்டும்.

நமது கிளையிலிருந்து அடுத்த மாதம் பன்னிரண்டு பேர் காசிக்குப் போவதாகப் பேச்சு. தங்கும் இடத்துக்கான தாளைப் பொருளாளர் இன்னும் எனக்குக் காட்டவில்லை. காபி சாப்பிடும்போது காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.